ஏழாம் நம்பரில் அரைச் சுற்று

ஜூன் 2, திங்கள்

ஏழாம் நம்பர் மெஷினுக்கு வைத்தியம் பார்க்க என் பெண்டாட்டியைக் கூட்டி வரப் போகிறார்களாம். இதை என்னிடமே சிரித்துக்கொண்டு சொல்கிறார் முதலாளி வெங்கடபதி.

"ஏம்ப்பா குட்டுவன், இந்த பிரஷர் சமாச்சாரத்துலதானே உங்க வீட்டம்மா டாக்டர் பட்டம் வாங்குனாங்க? நீதானே பாதுஷா கொண்டாந்து குடுத்தே?"

ஆமாம், நான்தான் கொடுத்தேன். மெஷின் மெஷினாகப் போய்க் கொடுத்தேன். ஓசூரில் பெண்டாட்டி பட்டம் வாங்கியதற்கு ஊரைக் கூட்டி இனிப்புக் கொடுத்த ஒரே மடையன் நான்தான். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டேன்.

விஷயம் இதுதான். எலக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு பேட்டரி வைக்கிற பிளாஸ்டிக் பெட்டி ஏழாம் நம்பரில் ஓடுகிறது. உருகின பிளாஸ்டிக்கை ஸ்க்ரூ தள்ளி அச்சுக்குள் நிரப்பும். நிரம்பின பிறகும் அது ஆறி இறுகும்வரை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். சூட்சுமம் முழுக்க அந்தப் பிடியில்தான் இருக்கிறது. அழுத்தம் குறைந்தால் பெட்டி குழி விழுந்து கோணிக்கொள்ளும், மூடி உட்காராது. கூடினால் ஓரமெல்லாம் பிசிறு கிளம்பும், இன்னும் கூடினால் பெட்டி அச்சோடு ஒட்டிக்கொண்டு வராது. காலையில் ஆயில் குளிர்ந்திருக்கும், மதியம் சூடாகும், மூட்டைக்கு மூட்டை சரக்கு மாறும். ஷாட்டுக்கு ஷாட், அதாவது பெட்டிக்குப் பெட்டி, பார்த்துப் பார்த்து ஏற்றி இறக்க வேண்டும். அந்த வேலைக்குப் பெயர் செட்டர். அந்த செட்டர் நான். குட்டண்ணா கை வைத்தால் மூடி உட்கார்ந்துவிடும் என்பது இங்கே பழமொழி.

கொஞ்ச நாளாக உட்காரவில்லை. ஸ்கூட்டர் கம்பெனிக்காரர்கள் திருப்பி அனுப்புகிறார்கள். அழுத்தத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் சிஸ்டம் வேண்டும், இல்லையென்றால் எங்கள் அச்சைக் கழற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடுவோம் என்கிறார்கள்.

இந்த டைரி ஹைட்ராலிக் ஆயில் விற்கிறவன் கொடுத்தது. ஜனவரியிலிருந்து சும்மா கிடந்தது. வீட்டில் பேச ஆள் இருந்தும் பேச முடியாத விஷயம் வந்துவிட்டதால் இதில் எழுதுகிறேன்.

ஜூன் 3, செவ்வாய்

திலகாவிடம் சொன்னேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை அப்படியே வைத்துவிட்டாள்.

"நெஜமாவா? ஏழாம் நம்பரா? அந்தப் பழைய ஹைட்ராலிக் மெஷினா? பம்பு மாத்துனாங்களா? ஆயில் என்ன சூட்டுல ஓடுது?"

பெண் பார்க்கப் போன அன்று என்னைப் பற்றி இவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். சர்க்கரை போட்ட காபி குடிப்பீர்களா என்று.

காலேஜில் அவளுக்கு இன்னும் ஒப்பந்த வேலைதான். ஒவ்வொரு வருஷமும் இருக்கச் சொல்வார்களா, போகச் சொல்வார்களா என்று காத்துக்கிடக்கிறாள். இந்த சிஸ்டம் ஓடிவிட்டால் முதலாளி நிரந்தரமாக ஏதாவது கொடுப்பார் என்று அவளுக்கு ஆசை. எனக்கும் சந்தோஷம்தான்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டாள்.

"எனக்கென்ன?"

எனக்கென்ன.

ஜூன் 5, வியாழன்

தண்ணி லாரி வரவில்லை. திலகாவுக்குக் கம்பெனியில் புது சேஃப்டி ஷூ கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். என் ஷூ வாயைப் பிளந்து ஒரு வருஷமாகிறது.

ஜூன் 9, திங்கள்

மேடம் வந்தாயிற்று. பைக்கில் என் பின்னால் உட்கார்ந்து வந்தவள், கேட்டைத் தாண்டியதும் மேடம் ஆகிவிட்டாள். ஏழாம் நம்பரை ஓட்டுகிற மாதேஷ், என்னிடம் ஒருநாளும் எழுந்து நிற்காதவன், ஸ்டூலைத் துடைத்துப் போடுகிறான்.

வயர் இழுத்தாள், சென்சார் மாட்டினாள், கம்ப்யூட்டர் வைத்தாள். மத்தியானம் ஆட்களைக் கூட்டி வைத்து விளக்கம் சொன்னாள்.

"குக்கர்ல அரிசி வெந்துச்சான்னு மூடியத் திறந்தா பாக்கறோம்? தண்ணி எவ்வளவு ஊத்துனோம், அடுப்பு எப்படி எரியுது, விசில் எப்ப வந்துச்சு, இதை வெச்சுச் சொல்றோம் இல்ல? அதே மாதிரிதான். அச்சுக்குள்ள பிளாஸ்டிக் மேல என்ன அழுத்தம்னு நமக்குத் தெரியாது. வெளிய ஆயில் அழுத்தம், ஸ்க்ரூ நிக்கிற எடம், சூடு, இதெல்லாம் தெரியும். அதை வெச்சு உள்ள இருக்கறதைக் கணக்குப் போடறதுக்குப் பேருதான் மாடல். கணக்குல கொறைஞ்சா மெஷின் தானா ஏத்திக்கும், கூடுனா எறக்கிக்கும்."

"அதைத்தான் மேடம் நம்ம குட்டண்ணா காதுலயே கேட்டுப் பண்றாரு!" என்றான் மாதேஷ்.

"ஆமா. அவர் காதைத்தான் நான் கணக்கா எழுதியிருக்கேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வருஷக்கணக்காகச் சாப்பிடும்போது இவள் கேட்பாள், இன்றைக்கு ஆயில் சூடானதும் என்ன செய்தீர்கள், எத்தனை ஏற்றினீர்கள் என்று. பெண்டாட்டி ஆசையாகக் கேட்கிறாளே என்று நான் சொல்லிச் சொல்லி உருகினேன். சாம்பார் சோற்றோடு என் பிழைப்பையே பிசைந்து ஊட்டியிருக்கிறேன்.

ஜூன் 13, வெள்ளி

நல்ல பெட்டி. எல்லாமே நல்ல பெட்டி. மூடி 'டிக்' என்று உட்காருகிறது. மாதேஷ் பத்துப் பெட்டிக்கு ஒரு தடவை என்னைக் கூப்பிட்டுக் கேட்பான், இன்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. நானாகப் போய் நின்றேன்.

"அண்ணா, வீட்லயும் மேடம் பாத்துக்கறாங்க, இங்கயும் மேடம் பாத்துக்கறாங்க. நீங்க கொடுத்து வெச்சவரு."

இவனுக்கு வாய் அதிகம்.

மெஷினின் பின்பக்கம், ஆயில் டேங்குக்கு மேலே ஒரு சின்ன வால்வு இருக்கிறது. லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றப் பழைய காலத்தில் யாரோ போட்டது. அதைத் திறந்தால் கொஞ்சம் ஆயில் டேங்குக்கே திரும்பிப் போகும், அழுத்தம் சற்று இறங்கும். புது மெஷின்களில் கிடையாது. திலகா வைத்திருக்கிற வரைபடத்திலும் கிடையாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். தூசி அடைந்து கிடந்தது, டீ குடித்துவிட்டு வந்து துடைத்தேன். துடைக்கும்போது லேசாகத் திரும்பியிருக்கலாம்.

ஒன்றும் ஆகவில்லை. அடுத்த பெட்டியும் நல்ல பெட்டி.

ஜூன் 16, திங்கள்

காலை மீட்டிங்கில் முதலாளி திலகாவை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார். "கம்பெனிக்குக் கெடச்ச லட்சுமி" என்றார். லட்சுமி வெட்கப்பட்டு உட்கார்ந்தாள்.

மத்தியானம் மறுபடி தூசி. துடைத்தேன். அரைச் சுற்று இருக்கும்.

வேடிக்கையைக் கேள். இரண்டு பெட்டி லேசாகக் குழி விழுந்து வந்தன. மூன்றாவது பெட்டி சரியாகிவிட்டது. திரையில் கோடு சறுக்கி விழுந்து, தானே எழுந்து, பழைய இடத்தில் போய் நின்றுகொண்டது. ஆயில் குறைகிறது என்று மெஷினுக்கு யார் சொன்னது? எனக்கே இதைச் சமாளிக்க ஐந்து ஷாட் ஆகும். நல்ல நாளில் நான்கு.

போகும்போது மூடிவிட்டுப் போனேன். மெஷினுக்குக் கெடுதல் பண்ணுகிறவன் இல்லை நான்.

வீட்டில் திலகா பாட்டு முணுமுணுத்துக்கொண்டே தோசை சுட்டாள்.

"ஏங்க, இன்னிக்கு எங்கேர்ந்தோ ஒரு இடைஞ்சல் வந்துச்சு. சட்டுனு அழுத்தம் விழுந்துடுச்சு. மாடல் எப்படி எந்திரிச்சு நின்னுச்சு தெரியுமா! லேப்ல இதையெல்லாம் நாமளே பொய்யா உண்டாக்கித்தான் பாக்கணும்."

என் தோசைக்கு மட்டும் நெய் கூடுதலாக ஊற்றினாள். நான் தின்றேன்.

ஜூன் 18, புதன்

துடைத்தேன். சமாளித்தது.

ஜூன் 20, வெள்ளி

கம்பெனி வாசலில் செக்யூரிட்டி திலகாவுக்கு சல்யூட் அடித்துவிட்டு என்னிடம் ஐ.டி. கார்டு கேட்டான். மத்தியானம் துடைத்தேன். முக்கால் சுற்று. அதையும் சமாளித்தது சனியன்.

ஜூன் 22, ஞாயிறு

காலையில் மாவு அரைத்துக்கொண்டு வந்தேன். கேஸ் மாற்றினேன். மகள் நறுமுகையின் சைக்கிளுக்குக் காற்றடித்தேன். அவள் கேட்கிறாள், "அப்பா, அம்மா உனக்கு மிஸ்ஸா?"

"யார் சொன்னது?"

"மாதேஷ் மாமா. இனிமே அம்மாதான் பெரிய மிஸ்ஸாம். நீ குட் மார்னிங் சொல்லணுமாம்."

மாதேஷிடம் போனில் கேட்டேன். இழுத்தான், மென்றான், கடைசியில் கக்கினான். ஸ்கூட்டர் கம்பெனிக்காரர்கள் வந்து வைக்கிற ஒப்புதல் சோதனையில் சிஸ்டம் தேறிவிட்டால் பிராசஸ் ஹெட் என்று ஒரு பதவி உண்டாக்கி அதைத் திலகாவுக்குக் கொடுக்கப் போகிறாராம் முதலாளி. செட்டர் எல்லாரும் அவளுக்குக் கீழே.

அந்தப் பதவி வந்தால் எனக்குத்தான் என்று முதலாளியே என்னிடம் சொல்லியிருக்கிறார். தீபாவளி பூஜை அன்று, எல்லார் முன்னாலும். நான் அதை நம்பி வேறு இரண்டு கம்பெனிக்காரன் கூப்பிட்டும் போகாமல் கிடந்தேன்.

வயிறு எரிகிறது. கட்டின பெண்டாட்டி முன்னுக்கு வந்தால் வயிறெரிகிற ஆம்பளை உண்டா? உண்டு. என் தாய்மாமா ஒருத்தர் இருந்தார். அத்தை டீச்சரானதும் அவர் சட்டையை இஸ்திரி போடக்கூடக் கொடுக்காமல் கசங்கலாகவே போட்டுக்கொண்டு திரிந்தார், ஊர் பார்த்து அத்தையைத் திட்டட்டும் என்று. அவர் ஒரு மாதிரியான ஆள். நான் அப்படி இல்லை.

மத்தியானம் கோழிக்குழம்பு. உப்புக் கம்மி. சொன்னேன். இல்லையே, சரியாகத்தானே இருக்கிறது என்றாள். அவள் செய்கிற எல்லாமே சரியாகத்தான் இருக்கும்.

ஜூன் 26, வியாழன்

ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, ஏழாம் நம்பர் பின்னாடி, என் படத்துல இல்லாத லைன் ஏதாச்சும் இருக்குதா? வால்வு கீல்வு?"

"இல்லையே. ஏன்?"

"சும்மாதான்." கரண்டியைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். "சரி. அப்பளம் வெக்கட்டுமா?"

வை என்றேன்.

ஜூலை 1, செவ்வாய்

இன்று ஒப்புதல் சோதனை. பெங்களூரிலிருந்து ஸ்கூட்டர் கம்பெனியின் தர அதிகாரி குல்கர்னி வந்தார், கூட இரண்டு பேர். நம் ஊர்த் தமிழ் அவருக்கு நன்றாகவே வருகிறது. திலகா பச்சைக் காட்டன் புடவையில், கீழே அந்த சேஃப்டி ஷூவோடு நின்றாள். பேனாவை இறுக்கிப் பிடித்திருந்தாள். எனக்குத் தெரியும், பரீட்சை எழுதப் போகும்போதும் அப்படித்தான் பிடிப்பாள்.

பெட்டிகள் வரிசையாக விழுந்தன. குல்கர்னி ஒவ்வொன்றிலும் மூடியை அழுத்திப் பார்த்தார். டிக், டிக்.

"இந்த மெஷினுக்கு செட்டர் யாரு?" என்று கேட்டார்.

நான் ஓரடி முன்னால் வைத்தேன். முதலாளி முந்திக்கொண்டார். "இப்ப செட்டரே தேவையில்ல சார். எல்லாம் சிஸ்டமே பாத்துக்கும்."

முன்னால் வைத்த காலை எடுத்து மறுபடி பின்னால் வைத்தேன். யாரும் கவனிக்கவில்லை.

பிறகு ஆயில் மட்டம் பார்க்கப் பின்பக்கம் போனேன். பார்க்க வேண்டியதுதானே, அது என் வேலை.

வால்வு ஒரு முழுச் சுற்றுத் திறந்திருந்தது. மெஷின் அழுத்தத்தை ஏற்றியது, போதாமல் இன்னும் ஏற்றியது, ஏற்றிக்கொண்டே போனது. பம்ப் முக்கி முனகியது. முன்னால் பெட்டி இன்னும் நல்லதாகவே விழுந்துகொண்டிருந்தது. பம்பின் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. இப்படியே போனால் பம்ப் போய்விடும். அதனால் மூடினேன். சட்டென்று மூடினேன்.

பூட்டின கதவைத் தோளால் முட்டிக்கொண்டிருக்கும்போது உள்ளே இருக்கிறவன் தாழ்ப்பாளை எடுத்துவிட்டால் எப்படி விழுவோம், அப்படி ஆயிற்று. ஏற்றி வைத்திருந்த அழுத்தம் அத்தனையும் ஒரே ஷாட்டில் உள்ளே இறங்கியது. 'டம்' என்று ஒரு சத்தம். அச்சு வாய் பிளந்து நான்கு ஓரமும் பிளாஸ்டிக் வழிந்தது. பெட்டி உள்ளேயே அறைந்த மாதிரி ஒட்டிக்கொண்டது. பெட்டியை வெளியே தள்ளுகிற கம்பி ஒன்று வளைந்துவிட்டது.

திலகா திரையைப் பார்த்தாள். பிறகு மெஷினின் பின்பக்கம் பார்த்தாள். நான் ஆயில் மட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் நான்தான். வேறு யார் இருக்கிறார்கள்? பித்தளைக் கம்பி எடுத்துவரச் சொன்னேன், இரும்பு என்றால் அச்சில் கீறல் விழும். சூடு காட்டி, தட்டித் தட்டி, பிய்த்துப் பிய்த்துப் பெட்டியை வெளியே எடுத்தேன். வளைந்த கம்பியை மாற்றினேன். சிஸ்டத்தை அணைத்துவிட்டுக் கையாலேயே செட் பண்ணி, வெயில் இறங்குவதற்குள் மெஷினை ஓட விட்டேன்.

"குட்டண்ணா இல்லேன்னா இன்னிக்கு நாறியிருக்கும்" என்று மாதேஷ் எல்லாரிடமும் சொன்னான். முதலாளி என் தோளில் கை போட்டு, "அனுபவம்னா அனுபவந்தான்ப்பா" என்றார். குல்கர்னி எனக்குக் கை கொடுத்தார்.

அப்போது திலகா அவரிடம் சொன்னாள், "என் மாடல்லதான் தப்பு சார். அழுத்தம் திடீர்னு திரும்பி வந்தா அதுக்கு எறங்கத் தெரியல. சரி பண்ணிடறேன். இன்னொரு வாய்ப்பு குடுங்க."

குல்கர்னி யோசித்துவிட்டுப் பன்னிரண்டாம் தேதிவரை கொடுத்தார். அன்றும் தவறினால் அச்சைக் கழற்றி லாரியில் ஏற்றிவிடுவார்களாம்.

பைக்கில் திரும்பும்போது அவள் என் தோளில் கை வைக்கவில்லை. பின்னால் இருக்கிற கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

ஜூலை 2, புதன்

இன்றும் எல்லாரும் பாராட்டினார்கள். கேன்டீனில் சாப்பாடு இறங்கவில்லை. சாம்பார் சரியில்லை.

ஜூலை 5, சனி

திலகா கேன்டீனுக்கும் வருவதில்லை. தலையைக்கூடச் சரியாக வாராமல் கம்ப்யூட்டர் முன்னால் கிடக்கிறாள். தோற்றவள் மாதிரியே இல்லை. தோற்றால் அழ வேண்டாமா? என்னிடம் வந்து, ஏங்க என்ன செய்யட்டும் என்று கேட்க வேண்டாமா? கேட்டால் ஆயிரம் யோசனை சொல்வேன்.

முதலாளியிடம் போய் ஒன்று கேட்டிருக்கிறாள். அவரே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "சோதனை அன்னிக்கு மெஷின் பின்பக்கம் உன்னைத்தான் நிறுத்தணுமாம். உங்க வீட்டம்மாவே கேட்டாங்க. என்ன இருந்தாலும் புருஷன் கூட இருந்தா ஒரு தைரியம், இல்லையா?"

எனக்கு முதுகு வேர்த்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "நான் எதுக்கு பின்னாடி?"

"ஆயில் மட்டம் பாக்கத்தான்" என்றாள், துணி மடித்துக்கொண்டே. "அன்னிக்கும் நீங்கதானே பாத்தீங்க."

என் சட்டையை மற்ற சட்டைகளைவிட அழகாக மடித்து வைத்தாள்.

ஜூலை 8, செவ்வாய்

நறுமுகைக்குச் சளி. கஷாயம் நான்தான் வைத்தேன். திலகா மறந்துவிட்டாள் என்று எழுத நினைத்தேன், ஆனால் காலையிலேயே அவள் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

ஜூலை 11, வெள்ளி

நாளை.

அவள் தேறினால் நாற்காலி அவளுக்கு. நான் அவள் முன்னால் நின்று இன்றைக்கு என்ன மேடம் என்று கேட்க வேண்டும். தவறினால் அச்சு போய்விடும். ஏழாம் நம்பர் ஆட்கள் வீட்டுக்குப் போவார்கள், மாதேஷும்தான். அவனுக்கு இப்போதுதான் இரண்டாவது குழந்தை. திலகாவைக் காலேஜும் இந்த வருஷம் கூப்பிடவில்லை. தவறினால் அவளுக்கு இங்கும் இல்லை, அங்கும் இல்லை.

இரண்டில் எது உனக்கு வேண்டும் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். உடனே பதில் வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

ஜூலை 12, சனி

குல்கர்னி வந்தார். முதலாளி குங்குமம் வைத்துக்கொண்டு, போகிறவன் வருகிறவனையெல்லாம் கும்பிட்டார். நான் பின்பக்கம் வால்வுக்குப் பக்கத்தில் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் இடைவெளியில் திரை தெரியும், திலகாவின் பாதி முதுகு தெரியும்.

பெட்டிகள் நன்றாக விழுந்தன. குல்கர்னி தலையாட்டினார். அதோடு விட்டிருக்கலாம் அவள். விடவில்லை.

"நல்ல நாள்ல எந்த சிஸ்டமும் ஓடும் சார். கெட்ட நாள்ல ஓடுதான்னு பாக்கணும். இப்ப ஓடிட்டு இருக்கறப்பவே வேணும்னு அழுத்தத்தை எறக்கிக் காட்டப் போறோம்."

முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. திலகா என் பக்கம் திரும்பாமலே குரலை உயர்த்தினாள்.

"செங்குட்டுவன்! வால்வைத் திறங்க. அரைச் சுத்து."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் பெயர் அவள் வாயில் வந்ததில்லை. வீட்டில் 'ஏங்க'. பக்கத்து வீட்டில் 'நறுமுகை அப்பா'. பிரசவத்தின்போது நர்ஸ் புருஷன் பெயர் என்ன என்று அதட்டினாளே, அந்த வலியிலும் பேனா கேட்டு வாங்கி எழுதிக் காட்டினாளே தவிர, சொல்லவில்லை. படித்தவள்தானே, சொன்னால் என்ன என்று நானே கேலி செய்திருக்கிறேன். இன்று மெஷின் சத்தத்துக்கு மேலே, அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னாள். மாதேஷ் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

எனக்கு அறை வாங்கின மாதிரி இருந்தது. கை திருப்பிவிட்டது. அரைச் சுற்று.

கோடு சறுக்கியது, எழுந்தது, நின்றது.

"இன்னும் கால் சுத்து."

முக்கால். ஜூன் இருபது.

"இப்ப முழுசா."

ஜூலை ஒன்று. நான் செய்ததையெல்லாம் வரிசை தப்பாமல் மனப்பாடமாக ஒப்பிக்கிறாள். பம்ப் முக்க ஆரம்பித்தது. அவள் கொஞ்சம் பொறுத்தாள். அந்த நேரத்தில் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிளவுஸ் வேர்வையில் ஒட்டியிருந்தது. அவளும் பயந்துதான் நிற்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வால்வு என் கையில் இருக்கிறது. மூடித் திறந்து மூடித் திறந்து ஆட்டிவிட்டால் எந்த மாடலும் தாங்காது. ஆயில் வழுக்கிவிட்டது என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். இதெல்லாம் அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் என்னை இங்கே நிறுத்தியிருக்கிறாள்.

"மூடுங்க, செங்குட்டுவன். டக்குனு."

மூடினேன். டக்கென்று, அவள் சொன்னபடி. வேறொன்றும் செய்யவில்லை.

கோடு ஒரு துள்ளுத் துள்ளி, அடங்கி, பழைய இடத்தில் உட்கார்ந்தது. பெட்டி விழுந்தது. மாதேஷ் மூடியை வைத்து அழுத்தினான். ஓரத்தில் ஒரு பிசிறு இல்லை.

எல்லாரும் கைதட்டினார்கள். குல்கர்னி பின்பக்கம் எட்டிப் பார்த்தார். "எப்படி சார் இவ்வளவு கரெக்டா திருப்பறீங்க? அளவுகோல் எதுவும் இல்லாம?"

நான் வாயைத் திறப்பதற்குள் திலகா சொன்னாள், "கைப்பழக்கம் சார்."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முதலாளி அங்கேயே, பெட்டிகளுக்கு நடுவிலேயே, பிராசஸ் ஹெட் யார் என்று அறிவித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து நறுமுகையை விளையாட அனுப்பிவிட்டுக் கேட்டேன்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"மொத வாரமே. ஆயில் சூட்டுக்கும் சரக்குக்கும் என்ன சம்பந்தம் இருக்குது, யாராவது என்னைப் பாராட்டுன அன்னிக்கு மட்டும் அழுத்தம் எறங்கறதுக்கு? பின்னாடி போய்ப் பாத்தேன். மெஷின் பூரா தூசி. வால்வு மட்டும் பளபளன்னு இருந்துச்சு."

"அப்பவே கேட்டிருக்கலாம் இல்ல?"

"ஒரு தரம் கேட்டேனே. இல்லேன்னீங்க. அதுக்கு மேல கேட்டா நிறுத்திடுவீங்க. அந்த மாதிரி டேட்டா எனக்கு எந்த லேப்ல குடுப்பாங்க?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. சேஃப்டி ஷூவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே தலை நிமிராமல் பேசினாள்.

"அன்னிக்கு ஒரு நாள்தான் பயந்துட்டேன். பெட்டி அச்சுல மாட்டுனதுக்கு இல்ல. நீங்க மூடுன வேகத்துக்கு. இந்த மனுசனுக்கு என்னை அவ்வளவா பிடிக்காமப் போச்சான்னு."

நான் பிடிக்கும் என்று சொல்லியிருக்க வேண்டும். பொறாமை திலகா, வெறும் பொறாமை, உன்னைப் பிடிக்காமல் இல்லை, உன்னை மாதிரி ஆக முடியவில்லையே என்றுதான் என்றாவது சொல்லியிருக்க வேண்டும். வாயில் வந்தது, "காபி போடட்டுமா" என்பதுதான்.

"போடுங்க" என்றாள். நான் அடுப்படிக்குப் போனதும் பின்னாலிருந்தே சொன்னாள். "அப்புறம் உக்காந்து நிதானமா யோசிச்சேன். நீங்க இல்லேன்னாலும் ஒரு நாள் வேற எதனாலயாவது அது நடந்திருக்கும். ஏறத் தெரிஞ்சதுக்கு எறங்கத் தெரியலேன்னா அது மாடல் போட்டவ தப்பு. உங்களை எதுவும் சொல்றதுக்கில்ல. முழுக்க என் தப்புதான்."

மனதார மன்னித்துத்தான் சொன்னாள். குரலில் குத்தல் இல்லை, நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன், இல்லவே இல்லை. பால் பொங்கி வழிந்தது.

முழுக்க அவள் தப்பாம். இந்த ஒன்றரை மாதத்தில் ஏழாம் நம்பரில் நான் செய்தது என்று சொல்ல அது ஒன்றுதான் இருந்தது. அதையும் அவளே எடுத்துக்கொண்டாள்.